வீங்காது என்று விற்கப்பட்ட குளோ பிளக்குகள் வீங்கி உடைந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
செவ்ரோலெட் எம்1008 டிரக்கின் உரிமையாளர்,
மிச்சிகன் மாநிலம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டீசல் உதிரிபாக விற்பனை நிறுவனம்.

பொருள்: குறைபாடுள்ள குளோ பிளக்குகளுக்கான பணத்தையும் பழுதுநீக்கச் செலவையும் திரும்பக் கோருதல், உங்கள் உதவி மையம் அளித்த ஆபத்தான ஆலோசனையைத் திரும்பப் பெறக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

அமெரிக்க இராணுவத்துக்காக 1984ஆம் ஆண்டில் தயாரான, 6.2 லிட்டர் வி8 டீசல் எஞ்சின் கொண்ட எம்1008 டிரக் ஒன்றை வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் முன்பக்கம் பனி தள்ளும் தகடு பூட்டி, எங்கள் வீட்டுப் பாதையையும் அக்கம்பக்கத்தார் பாதைகளையும் துப்புரவு செய்வது இந்த வண்டிதான். இதற்காகக் கடந்த இலையுதிர் காலத்தில், குளிரில் டீசல் எஞ்சின் கிளம்புவதற்காக ஒவ்வொரு சிலிண்டரின் எரி அறையையும் முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக்குகள் எட்டு அடங்கிய பெட்டி ஒன்றை உங்களிடம் வாங்கினேன். "தன் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும், முனை வீங்காத வகை, 6.2 லிட்டர் இராணுவ வண்டிகளுக்கு உரியது" என்று உங்கள் விற்பனைப் பட்டியலில் அச்சிட்டிருந்ததை நம்பியே, மற்ற கடைகளைவிட விலை கூடுதலாக இருந்தும் உங்களிடம் வாங்கினேன்.

பெட்டியைத் திறந்தபோதே ஒரு பிளக்கின் மரை நசுங்கியிருந்தது. அலுமினியமோ இரும்போ, சிலிண்டர் ஹெட்டின் மரையைக் கெடுக்கும் எதையும் முறுக்கி ஏற்ற நான் துணியமாட்டேன். ஆகவே ஏழு பிளக்குகளை மட்டும் மாற்றிவிட்டு, வலப்பக்கத்தின் கடைசியில், சக்கர வளைவின் வழியாகக் கையை விட்டுத் தடவித்தான் எட்ட வேண்டிய 8ஆம் சிலிண்டரில், நல்ல நிலையில் இருந்த பழைய பிளக்கையே விட்டுவைத்தேன். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

கடுங்குளிர் தொடங்கிச் சில வாரங்களிலேயே வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. வெள்ளைப் புகை கக்கியதே ஒழிய எஞ்சின் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பிளக்கின் வயரையும் கழற்றி மல்டிமீட்டரால் சோதித்ததில், நல்ல பிளக்குகள் ஏறத்தாழ மின்தடையே இல்லாததுபோல் காட்ட, 2, 5, 6 ஆகிய சிலிண்டர்களின் பிளக்குகளில் மின்தொடர்பு முற்றிலும் அறுந்திருந்தது. மூன்றும் உங்களுடையவை. முதல் இரண்டும் சிரமத்துடன் வெளிவந்தன. அவற்றின் முனைகள் பருத்து, நெடுக்காகக் கீறல் விட்டிருந்தன. 6ஆம் சிலிண்டரின் பிளக்கோ மரை முழுவதும் கழன்ற பிறகும் துளையை விட்டு வரவில்லை. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மெல்ல ஆட்டி இழுத்தும், உடல் மட்டும் கையோடு வந்தது. வீங்கிய முனை உடைந்து, சிலிண்டரை ஒட்டிய சிறிய முன் எரி அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த உலோகத் துண்டு அறையின் வாய் வழியாகச் சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் என்ன ஆகும் என்பதை டீசல் பாகம் விற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினை இயக்காமல் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்று, இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் துண்டை எடுக்க வேண்டியதாயிற்று. சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இதைப் படங்களுடன் உங்களுக்குத் தெரிவித்தபோது, "உங்கள் வண்டி 24 வோல்ட் வண்டி, அந்த மின்னழுத்தம் பிளக்குகளை எரித்துவிட்டது, எனவே உத்தரவாதம் பொருந்தாது" என்று இரண்டே வரிகளில் பதில் வந்தது. இந்தப் பதில் தவறு. இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டில் இயங்குகிறது என்பது உண்மை. இரண்டு பேட்டரிகளும் இரண்டு ஆல்டர்னேட்டர்களும் அதற்காகவே உள்ளன. ஆனால் குளோ பிளக்குகள் 12 வோல்ட்டுக்கானவை. தொழிற்சாலை அமைப்பில் 24 வோல்ட் மின்சாரம் எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள மின்தடைகளின் வழியே குறைக்கப்பட்டுப் பிளக்குகளுக்குச் செல்லும். அந்த அமைப்பில், சில பிளக்குகள் கெட்டுவிட்டால் மிஞ்சியவற்றுக்கு மின்னழுத்தம் கூடிவிடும் என்ற குறை உண்டு. அதனாலேயே இந்த வண்டிகளை வைத்திருக்கும் பலரும் செய்வதுபோல், நானும் மின்தடைகளை விலக்கி, எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்த பேட்டரியின் நேர்முனையிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்திருக்கிறேன். இந்த மாற்றம் உங்கள் பிளக்குகளை வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே செய்யப்பட்டது. பிளக்குகள் சூடேறும் நேரத்தில் அவற்றின் முனையில் அளந்தால் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே சில விநாடிகளில் விடுபடும் ஓசை கேட்கிறது, மீட்டர் சுழியத்துக்கு இறங்குகிறது. ஆகவே ரிலே ஒட்டிக்கொண்டு பிளக்குகளை வாட்டியது என்றும் சொல்ல இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே ரிலேயிலிருந்து அதே மின்சாரத்தைப் பெறும் 8ஆம் சிலிண்டரின் பழைய பிளக் இன்றுவரை பழுதில்லாமல் வேலை செய்கிறது. 24 வோல்ட் பாய்ந்திருந்தால் அது மட்டும் எப்படித் தப்பியது என்பதற்கு உங்கள் பதிலில் விளக்கம் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறொன்று. மாற்றுப் பிளக்குகள் வரும்வரை வண்டியை எப்படிக் கிளப்புவது என்று தொலைபேசியில் கேட்டபோது, உங்கள் உதவி மையத்தில் பேசியவர், காற்று உள்ளே போகும் வழியில், எளிதில் தீப்பற்றும் ஈதர் தெளிப்பானை அடித்துக் கிளப்பும்படி சொன்னார். மிஞ்சிய பிளக்குகள் பழுத்த சூட்டில் இருக்கும்போது ஈதர் ஆவி உள்ளே சென்றால், பிஸ்டன் மேலேறி முடிப்பதற்கு முன்பே அது தீப்பற்றும். பிஸ்டன் வளையங்கள் நொறுங்கலாம். காற்றுக்குழாய் வெடித்து, மூடியைத் திறந்து குனிந்து நிற்பவர் முகத்தில் தீ பாயலாம். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் பயன்படுத்தக் கூடாது என்பது டீசல் வேலையின் அரிச்சுவடி. எனக்கு அது தெரிந்திருந்ததால் அவர் சொன்னபடி செய்யாமல் விட்டேன். முதன்முதலாகப் பழைய இராணுவ டிரக் வாங்கி, உங்கள் சொல்லை நம்பி அப்படியே செய்யப்போகும் ஓர் இளைஞரை நினைத்தால் எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது.

ஆகவே பெட்டியின் முழு விலையையும், உடைந்த முனையை அகற்றப் பட்டறைக்கு நான் கொடுத்த தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் உரிய ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன். நான் வாங்கிய அதே தொகுதியைச் சேர்ந்த பிளக்குகளைச் சோதித்து முடிக்கும்வரை அவற்றை "முனை வீங்காத வகை" என்று விற்பதை நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஈதர் பற்றிய ஆலோசனை தவறு என்பதை உதவி மையத்தில் உள்ள அனைவருக்கும் அறிவுறுத்தி, அவ்வாறு செய்ததை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பணத்தைவிட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

வீங்கிய இரண்டு பிளக்குகளையும், உடைந்த பிளக்கின் உடலையும் முனையையும், மரை நசுங்கிய பிளக்கையும் தனித்தனியே பொதிந்து வைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவு ஆராய விரும்பினால், அனுப்பும் செலவை நீங்கள் ஏற்கும் நிலையில் 6ஆம் சிலிண்டரின் பிளக் நீங்கலாக மற்றவற்றை அனுப்புகிறேன். அதை நேரில் வந்து பார்க்கலாம். 30 நாட்களுக்குள் தக்க பதில் கிடைக்காவிட்டால், இதே ஆவணங்களுடன் மிச்சிகன் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீது, பட்டறை ரசீது, பிளக்குகளின் படங்கள், உங்கள் பதிலின் நகல்.