தங்கச்சிமடத்திலிருந்து அண்ணனுக்கு

அண்ணே,

நாளைக்கு அப்பாவின் மூன்றாம் வருட நினைவுப் பூசை. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். இந்தப் பக்கத்தை மட்டும் எப்போதாவது பார்க்கிறாய் என்று பாம்பனில் ஒருவர் சொன்னார். அதனால் இங்கே எழுதுகிறேன். ஊர்க்காரர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். ஒருவரை மட்டும் 'அவர்' என்றுதான் எழுதுவேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

அந்த மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தது. மொட்டை மாடியில் ஐஸ் பெட்டிமேல் லேப்டாப்பை வைத்து ஊமைப்படம் போட்டாயே, ஃபிரிட்ஸ் லாங் 1924இல் எடுத்த 'நீபெலுங்கென்'. இரண்டு பாகம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், நமக்கு இரண்டு ராத்திரி. ஜெர்மன் எழுத்துக்குக் கீழே ஓடிய ஆங்கிலத்தை நீ தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். கச்சான் காற்றில் பாதி காதில் விழவில்லை. டிராகன் வந்ததும் உள்ளே ஆட்கள் இருந்து அதை இயக்கினார்கள் என்றாய். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடியும் போடச் சொன்னார்.

அப்புறம் அந்தத் தையல். சீக்ஃபிரீட் டிராகன் ரத்தத்தில் குளித்தபோது முதுகில் லிண்டன் இலை ஒன்று விழுந்து ஒட்டிக்கொள்ள, அந்த இடத்தில் மட்டும்தான் அவனுக்குக் காயம்படும். போரில் அதைக் காப்பாற்ற வேண்டும், எது என்று காட்டு என்கிறான் ஹாகென், கிரீம்ஹில்டின் அண்ணனுடைய ஆள். கிரீம்ஹில்ட் நம்பி, புருஷன் சட்டையில் தானே சிலுவைக்குறி தைக்கிறாள். ஹாகெனின் ஈட்டி அதே இடத்தில் பாய்கிறது. நீ தொடையில் தட்டி, "பைத்தியக்காரி, அவளே குறி வைச்சுக் கொடுக்கிறா பாரு" என்றாய். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்து, "கடல்ல தனியாப் போறான்மா, பின்னாடியே ஆள் அனுப்பிப் பாத்துக்கிறேன்" என்றார். படகை மூக்கையூருக்குக் கொண்டுபோகப் போகிறாய் என்று சொல்லிவிட்டேன். எந்த ராத்திரி என்பதையும் சொன்னேன். நீயே யாரிடமோ உளறிவிட்டாய் என்று இன்று வரை வீட்டில் நம்புகிறார்கள். அதை நான் திருத்தவே இல்லை. மன்னித்துவிடு. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் சொன்னேன் அண்ணே, வேறெதற்கும் இல்லை. நீயும் என்னிடம் மறைக்கச் சொல்லவில்லையே.

சாட்சி சொல்ல வா என்று கூப்பிட்டபோது நான் வரவில்லை என்பதுதான் உன் கோபம். இரண்டாம் பாகத்தை நினைத்துப் பார். ஹாகென் ஒருவனைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் போகலாம் என்கிறாள் கிரீம்ஹில்ட். தலைக்கு மேல் கூரை எரிகிறது, அப்போதும் அவள் அண்ணன் தம்பிகள் கொடுக்க மறுக்கிறார்கள். முட்டாள்கள் என்றாய் நீ. அப்பா மட்டும், "கூடப்பொறந்தவன் வேகும்போது வெளிய நின்னு பாக்குறாளே" என்றார். நம் வீட்டு விஷயம் ஸ்டேஷன் படி ஏறக்கூடாது என்று கடைசிவரை சொன்னவரும் அப்பாதான். அந்தப் பேச்சை மீற எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கூரைக்குக் கீழே அம்மாவோடு உட்கார்ந்திருந்தது நான்தான், நீ இல்லை.

அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து கேட் வரைக்கும் வந்தாய். உன் நீலச் சட்டையைப் பார்த்தேன். ஒரு பிடி மண் போட உனக்கு என்ன? அவர் உள்ளே நிற்கிறார் என்று திரும்பிப் போய்விட்டாய். அது உன் அப்பா இல்லையா? அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நாளைக்குப் பூசை முடிந்ததும் அம்மாவிடமும் அவரிடமும், எல்லோர் முன்னாலும், சொன்னது நான்தான் என்று சொல்லப்போகிறேன். எதற்காகச் சொன்னேன், யார் கேட்டுச் சொன்னேன் என்பதையும் சேர்த்து. ஸ்டேஷனுக்கு வருவேனா என்று கேட்காதே, அது எனக்கே தெரியாது.

பூசை காலை ஆறரைக்கு. உனக்கு இடப்பக்கக் கதவுதான் பழக்கம், அது திறந்திருக்கும்.

உன் தங்கச்சி