செயலாளர் ஆண்டறிக்கை: நட்ட கன்றுகளும் நடவில் நேர்ந்த பிழைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மரம் நடும் சங்கத்தில் இதுவரை வாசித்த ஆண்டறிக்கைகளில் எத்தனை கன்று நட்டோம் என்பது மட்டுமே இருந்தது. எத்தனை பிழைத்தன என்று யாராவது கேட்டால் வெயில், ஆடு, காற்று என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். இவ்வாண்டு சித்திரையில், பட்டுப்போன புங்கன், நீர்மருதுக் கன்றுகள் சிலவற்றைச் செயற்குழுவினருடன் தோண்டிப் பார்த்தபோது, பழியில் பெரும்பங்கு நம் கைக்கே உரியது என்று தெரிந்தது.

முதற்பிழை ஆழம். தண்டு அகன்று வேராகப் பிரியும் கழுத்துப் பகுதி மண்மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். நாமோ, கன்று உறுதியாக நிற்கட்டும் என்று அதை ஒரு சாணுக்கும் கீழே புதைத்திருந்தோம். புதைந்த பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகுகிறது. வேருக்குக் காற்றும் எட்டுவதில்லை. தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டி, தளர்ந்த மண்ணை அடியில் இட்டு அதன்மேல் கன்றை வைத்தால், இரண்டு மழையில் மண் அமர்ந்து கன்றும் கூடவே இறங்கிவிடும். ஆகவே குழியின் ஆழம் வேரைச் சூழ்ந்த மண்கட்டியின் உயரத்தைத் தாண்டாமலும், அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கட்டும். நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கரிசலில் மண்வெட்டி பட்ட குழிச்சுவர் மெழுகியதுபோல் இறுகிவிடுவதால், கடப்பாரையால் அதைக் கீறிவிடாவிட்டால் குழி பானையாகி நீரைத் தேக்கும்.

இரண்டாவது பிழை பாலித்தீன் பை. பையைக் கிழிக்காமலே நடப்பட்ட கன்றுகளும் இருந்தன என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பையை அகற்றினால் மட்டும் போதாது. உள்ளே வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டியோ விரித்தோ விட வேண்டும். இல்லையேல் அவை பருத்து, பல ஆண்டுகளுக்குப் பின் அடிமரத்தையே நெரிக்கும். பார்ப்பதற்குச் செழிப்பாக நிற்கும் மரம் ஒரு காற்றில் சாயும்.

காற்றைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் வீசுவது நம் ஊர்மேல்தான். அதற்கு அஞ்சிக் கன்றுகளைக் கழியோடு நைலான் கயிற்றால் இறுகக் கட்டினோம். கயிறு பட்டையை அறுத்தது, அசைய முடியாத தண்டும் தடிக்கவில்லை. பழைய வேட்டிக் கிழிசலால் எட்டு வடிவில், தாழ்வாக, தளர்வாகக் கட்டி, ஓராண்டுக்குள் அவிழ்த்துவிடுவதே முறை.

ஈரம் காக்க மண்மேல் பரப்பும் மூடாக்குக்குக் காய்ந்த தழையும் தென்னை மட்டையும் தாராளமாகக் கிடைத்தன. நான்கு விரல் கனத்துக்குப் பரப்பலாம். தண்டைச் சுற்றிக் குவிக்கலாகாது. கோடையில் தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட, வாரம் ஒருமுறை இரண்டு குடத்தை மெதுவாக ஊற்றுவது வேரை ஆழத்துக்கு இழுக்கும் என்பதால், வேர் பிடித்த கன்றுகளுக்கு அவ்வாறே செய்தோம்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் விழாவுக்கு வாங்கிய கன்றுகளில் மீந்தவை நிழலில் உள்ளன. அவற்றை நடுவதற்கு முன், ஏற்கெனவே நட்டவற்றின் கழுத்து மண்ணை விலக்கவும், பழைய கட்டுகளை அவிழ்க்கவும் இரண்டு ஞாயிறுகளை ஒதுக்குமாறு செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்