கற்பிட்டிக்குப் போவதென்றால்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா எழும்பி நடமாடுகிறா என்று வாசித்தபோது பெரிய ஆறுதல். பிள்ளைகளுக்கு டொல்பின் காட்டக் கற்பிட்டிக்கு டிசம்பரில் போகலாமா என்று கேட்டிருந்தாய். தைப்பொங்கல் கழியட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அந்தக் கரையில் படகு இறக்கவே பயப்படுவார்கள். நவம்பரில் கடல் அடங்கத் தொடங்கும், ஆனால் புத்தளம் பக்கம் டிசம்பரிலும் மழை விட்டபாடில்லை. ஜனவரி கடைசி தொடக்கம் மார்ச் வரைதான் நம்பிப் போகலாம். மார்ச்சில் தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழா வரும்; அந்த நாட்களில் அறை கிடைக்காது. போயா என்னும் பௌர்ணமி விடுமுறையோடு ஒட்டி வரும் நீண்ட வார இறுதியும் வேண்டாம், ஏனென்று கீழே சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். நீர்கொழும்பு, சிலாபம் தாண்டி, புத்தளத்துக்குச் சற்று முன்னே பாலாவிச் சந்தியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அதன் பிறகு நுரைச்சோலை, தலவில, கண்டக்குழி என்று ஒரே பாதை. இரவில் அந்தப் பாதையில் மெதுவாக ஓட்டு. கழுதைகள் நடுறோட்டில் நிற்கும்.

அங்கே வரும் டொல்பின்கள் சுழலும் ஓங்கில்கள் என்ற இனம். இரண்டு மீட்டர் நீளம் வரும். முதுகு கருஞ்சாம்பல், பக்கம் இளஞ்சாம்பல், வயிறு வெள்ளை. கூட்டத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். தண்ணீரை விட்டுக் கிளம்பித் தன் உடம்பைப் பம்பரம்போல் சுற்றும், ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரை. உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுமீனை உதறவும், விழும் சத்தத்தால் கூட்டத்துக்குச் செய்தி சொல்லவும் சுற்றுகிறது என்பார்கள்.

பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடு: அவை வேட்டையாடுவது இரவில். ஆழத்திலிருந்து மேலே வரும் சிறு மீனையும் கணவாயையும் இரா முழுக்கத் தின்றுவிட்டு, பகலில் இளைப்பாறும். மூளையின் ஒரு பாதி தூங்க மறு பாதி விழித்திருக்கும். நாம் படகில் போய்ச் சேருவது அவை படுக்கைக்குப் போகும் நேரம். எஞ்சினை முறுக்கிக் கூட்டத்துக்குள் விட்டால் கூட்டம் இரண்டாகப் பிரியும், திசை மாறும், நீண்ட நேரம் முங்கிப் போகும், வாலால் தண்ணீரை அறையும். குட்டியோடு வரும் தாய்தான் கூடக் கஷ்டப்படும். நீண்ட வார இறுதியில் ஒரே கூட்டத்தைச் சுற்றிப் படகுகள் குவிந்துவிடுவதால்தான் கிழமை நாளில் போகச் சொன்னேன்.

படகோட்டி துரத்துவது அவருடைய கெட்ட குணமல்ல. கிட்டக் கொண்டுபோனால்தான் சனம் சந்தோசப்படும், கையில் கூட ஏதாவது கொடுக்கும் என்று பழகிவிட்டார். ஆகவே கரையிலேயே, ஏறுவதற்கு முன்பே பேசு. அண்ணை என்றோ நானா என்றோ கூப்பிட்டு, "துரத்த வேண்டாம், ஐம்பது மீட்டரில் நிறுத்துங்கள், கிட்ட வராவிட்டாலும் காசு குறையாது" என்று சொல்லிவிடு. கூட்டம் போகும் திசைக்குப் பக்கவாட்டாக, அதே வேகத்தில் ஓட வேண்டும். முன்னால் குறுக்கே வெட்டக் கூடாது, வட்டமடிக்கக் கூடாது. பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் அவையே படகின் முன்முனையான அணியத்துக்கு முன்னால் வந்து ஓடும். அப்போது வேகத்தையோ திசையையோ மாற்றாமல் நேராகப் போனால் போதும். மூச்சு விடும் "புஸ்" சத்தம் காதுக்குக் கேட்கும்.

படகு சின்னப் பைபர் போட், வெளியே பூட்டிய எஞ்சின். காலை ஏழு மணிக்கு முன்பே கரையில் நில். வெயில் ஏற ஏற காற்று எழும்பி, திரும்பி வரும்போது அலை முகத்தில் அடிக்கும். ஜெட்டி கிடையாது, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். கூட்டம் கிடைக்கும் தூரத்தைப் பொறுத்து மொத்தம் இரண்டு முதல் மூன்று மணித்தியாலம். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, சின்னவளுக்கு அவள் அளவில் இருக்கிறதா என்று தண்ணீரில் இறங்கும் முன் போட்டுப் பார். பெரியவருடைய அங்கி பிள்ளைக்குத் தலைக்கு மேலால் கழன்றுவிடும். முன்பக்கம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முதுகுவலிக்காரருக்கு அது ஆகாது. கடைசிப் பலகையில் குலுக்கல் குறைவு, ஆனால் எஞ்சின் புகை வயிற்றைப் பிரட்டும். நடுவுக்குச் சற்றுப் பின்னே இருப்பதுதான் நல்லது.

வயிற்றைப் பிரட்டுவது ஓடும்போதல்ல, எஞ்சினை நிறுத்திப் படகு ஆடும்போது. போன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னும் கூடும். மாத்திரையை ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே போட வேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டால் வேலை செய்யாது. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. நாலு கிறீம் கிரேக்கரும் வெறும் தேநீரும் போதும்.

படம் எடுப்பது பற்றிக் கேட்டாய். கமராவின் ஷட்டர் வேகத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகவோ அதைவிட வேகமாகவோ வை. ஓங்கில் ஒரு முறை பாய்ந்தால் அடுத்தடுத்துப் பல முறை பாயும், முதல் பாய்ச்சல்தான் பெரிது. அதைக் கண்ணால் பார். விழுந்த இடத்திலிருந்து அது போகும் திசைக்குச் சற்று முன்னால் கமராவைப் பிடித்துக் காத்திரு. இரண்டாவது உனக்குக் கிடைக்கும். படகில் லென்ஸ் மாற்றாதே, உப்புத் துளி உள்ளே போய்விடும்.

பதினொரு மணிக்குள் கரைக்கு வந்துவிடலாம். கண்டக்குழியில் கருவாடு வாங்கிக்கொள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயமில்லை; இளஞ்சிவப்புப் படர்ந்திருந்தால் அது உப்பிலே வளரும் பக்டீரியா, வேண்டாம். விரலால் அமத்திப் பார்: குழி விழுந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, தண்ணீருக்குக் காசு கொடுக்கிறாய். நிலத்துக்கு மேலே கட்டிய பரணில் காய்ந்ததா என்று கேள். மணலில் போட்டது என்றால் எத்தனை தரம் கழுவினாலும் பல்லில் நறநறக்கும். பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும், பத்திரிகைத் தாளில் சுற்று.

1667 இல் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் கோட்டை கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. பார்க்க விரும்பினால் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். முகாம் வாசலில் அனுமதி கேட்க வேண்டும்.

ஒரு இரவு போதாது, இரண்டு இரவு தங்கும்படி வை. முதல் நாள் காலை காற்றடித்தால் "இன்றைக்கு வேண்டாம்" என்று படகோட்டி சொல்லிவிடுவார். அவரோடு வாதாடாமல் அடுத்த நாள் போகலாம். திகதி முடிவானதும் எழுது. அக்காவுக்குக் கட்டாக் கருவாடு பிடிக்கும், அதை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி