பெட்டி கட்டும் முன் படித்துவிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நம் விமான டிக்கெட்டில் கைப்பெட்டி மட்டும்தான் சேர்த்தி. ஆளுக்கு 7 கிலோ. காலிப் பெட்டியே 3 கிலோ இருந்தால் துணிக்கு என்ன மிஞ்சும்? சக்கரப் பெட்டியை விட்டுவிட்டு முதுகுப்பை எடுங்கள். போன முறை கவுன்டர் முன்னால் பெட்டியைத் திறந்து, என் ஜீன்ஸை மாமா பையில் திணித்தது நினைவிருக்கும்தானே!

கனமான ஷூ, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். ஷாம்பூ ஆளுக்கொன்று வேண்டாம், 100 மில்லி பாட்டிலில் குடும்பத்துக்கு ஒன்று போதும். பவர் பேங்க் உங்கள் கையோடுதான் வர வேண்டும். குழந்தைகளுக்கு 3 செட் துணி போதும், அங்கே துவைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கூடுதல் எடை கட்டாயம் வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள். ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடலாம். கவுன்டரில் பெரும்பாலும் அதிகம் கேட்பார்கள். வீட்டிலேயே எடை போட்டு, சனிக்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள்.