விடை சொல்லாமல் விட்டதற்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வரலாற்றில் இன்னும் விடை கிடைக்காத சங்கதிகளை வைத்து நான் எழுதிய கவிதைகள் போன வாரம் சின்னத் தொகுப்பாகக் கைக்கு வந்துவிட்டன. முன்னுரையில் இடம் போதவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி மண்ணடி பாய்க்கு. நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷன் அச்சுக்காரர் ஒரு பாத்திரத்தைப் பார்த்தார். மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அது உடைந்த கப்பல் மணி! சுற்றிலும் தமிழ் எழுத்து: ‘முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’. அது அங்கே எப்படிப் போனது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. மணி இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் புயல், பேரலை, மூழ்கும் மாலுமிகள் என்று நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். பாய் பொறுமையாகப் படித்துவிட்டு, “முதலாளி பேரு மணியில இருக்கு தம்பி. தினமும் அதை அடிச்சவன் பேரு எங்க?” என்றார். நான்கு பக்கமும் போய்ப் பதினொரு வரி மிஞ்சியது. தொகுப்பிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்து, திருவல்லிக்கேணி டீச்சரம்மா. ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சொன்னது யார் என்று என் கவிதையில் நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். டீச்சர் உடையார்குடிக் கல்வெட்டை வரிவரியாக வாசிக்க வைத்தார். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர் இருக்கிறது. ஆனால் கல்வெட்டு பேசுவது அவர்கள் நிலத்தை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல் கிடையாது. “கல்லே சொல்லல, நீ எப்படிச் சொல்ற?” என்று ஆறு வரிகளைச் சிவப்பு மையால் அடித்தார். அன்றைக்குக் கோபம்தான், மெரினா வரை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். இப்போது அந்த ஆறு வரிகளை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இன்னும் யாராலும் உறுதியாகப் படிக்க முடியாத சிந்துவெளி எழுத்துகளைத் தொகுத்து ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட நூலை நூலகத்தில் எடுத்துக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான் என்று தெரிந்ததும், சிந்துக் கவிதைகள் எல்லாவற்றையும் ஐந்தைந்து சொற்களில் முடித்துவிட்டேன். சோம்பேறித்தனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அச்சில் ஒரு கூத்து நடந்தது. அட்டையில் ‘மர்மம்’ ‘மாமம்’ ஆகிவிட்டது. கோப்பில் சரியாக இருந்தது என்று நான், இல்லை என்று அவர்கள். தொகுப்பில் சேர்க்காமல் விட்ட மர்மம் அது ஒன்றுதான். விடிய விடிய உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிய தெரு நண்பர்களுக்கு ஒரு பிரியாணி பாக்கி.

கடைசியாக, அன்று எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்த சித்திக்கு. கரிகாலன் கவிதையை மூன்று தடவை படித்துவிட்டு, “சரிடா, யார்தான் கொன்னா?” என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிரதி வந்து சேராதவர்கள் சொல்லுங்கள், நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சூளைமேட்டுக்காரன்