திருமண இசைக்கும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண மண்டபங்களில் டிஜே இசையை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று அண்மையில் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கும்பகோணம் வட்டாரத்தில் திருமண மண்டப நிர்வாகத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில் அவருடைய மனவேதனை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால், அவர் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க இயலவில்லை. வரவேற்பு மேடைக்குக் கீழே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி இரண்டு அடி எடுத்து வைத்து ஆடுவதையும், பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்த பங்காளிகள் ஒரே பாட்டுக்குச் சேர்ந்து கைதட்டுவதையும் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சியைப் பறிக்க வேண்டியதில்லை. இசைக்காரர்களை நாம் அமர்த்தும் முறையில்தான் கோளாறு இருக்கிறது.

சமையல் ஒப்பந்தக்காரரோடு பேசும்போது எத்தனை இலை, எத்தனை பந்தி, பாயசம் என்ன, பீடா உண்டா என்பது வரை தாளில் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொள்கிறோம். புகைப்படக்காரரிடம் ஆல்பத்தில் எத்தனை பக்கம் என்றுகூடக் கேட்டுக்கொள்கிறோம். இசை என்று வரும்போது மட்டும், மேடை அலங்காரக்காரர் தரும் பேக்கேஜ் பட்டியலில் பூ வளைவுக்கும் எல்இடி திரைக்கும் அடுத்த வரியில் 'டிஜே' என்று ஒரு சொல் இருக்கிறது. அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மண்டபம் எத்தனை அடி நீளம், கூரை தகரமா தளமா, சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாமல் டிஜே இளைஞர் வரவேற்பு நாளன்று மாலை ஐந்து மணிக்கு வந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்குகிறார். திறந்தவெளித் திடலுக்கு ஏற்ற, அதிரும் தாழ்ந்த ஒலியைத் தரும் பேஸ் பெட்டிகள், நானூறு பேர் அமரும் கூடத்தில் முதல் வரிசை நாற்காலிகளுக்கு ஆறடி முன்னால் நிறுத்தப்படுகின்றன. அந்த வரிசையில் உட்காருபவர்கள் மணமக்களின் தாத்தா பாட்டிகளும் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும்தான். இசை நிகழ்விடங்களில் பதினைந்து நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. இசை கேட்பதற்கென்றே செல்வோருக்குரிய அந்த மேல்வரம்பை, மடியில் உறங்கும் குழந்தைக்கு நாம் பொருத்திப் பார்ப்பதே இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரையறை. தனியார் இடத்தில் வைக்கப்படும் ஒலிபெருக்கியின் ஓசை, அந்த இடத்தின் எல்லையருகே இந்த வரையறையை 5 டெசிபலுக்கு மேல் மீறக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்கினுள் பயன்படுத்துவதற்கு விலக்கு இருக்கிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். பக்கவாட்டில் பாதிச் சுவரும் மேலே தகரக் கூரையும் கொண்ட நம் ஊர் மண்டபங்கள் பலவற்றை மூடிய அரங்கு என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் 'குட்டி யானை' வண்டி நிறையப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போவோர், மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே படுத்திருப்பவர் நம் உறவினராகவும் இருக்கலாம்.

சட்டத்தைக் காட்டிலும் என்னை அதிகம் உறுத்துவது நேரக் கணக்கு. எங்கள் பகுதித் திருமணங்கள் பெரும்பாலானவற்றில் முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் விடியற்காலை முகூர்த்தமும் ஒரே மண்டபத்தில் நடைபெறுகின்றன. இரவு பதினொரு மணி வரை கூடம் அதிர்ந்தால், மாடி அறைகளில் தங்கியிருக்கும் வெளியூர் உறவினர்கள் உறங்குவது எப்போது? நாதஸ்வரக் கலைஞர்களும் தவில் கலைஞர்களும் முதல் நாள் இரவே வந்து, அதே மண்டபத்தில் எங்கோ ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்து, அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து வாசிக்கத் தொடங்க வேண்டியவர்கள். மூச்சையே முதலாகக் கொண்டு செய்யும் தொழில் அது. உறக்கம் இல்லாத மூச்சில் பூபாளம், பிலஹரி போன்ற காலை ராகங்கள் எப்படி எழும்?

இந்தக் கலைஞர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் ஆச்சா மர உத்திரங்களைக் கடைந்து செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த வட்டாரமே பெருமைப்பட்டது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் இன்றும் நாதஸ்வரமும் தவிலும் கற்றுத் தருகிறார்கள். கற்று வெளியே வரும் பிள்ளைகளுக்குக் கோயில் திருவிழாவை விட்டால் வருமானம் தருவது திருமணம் ஒன்றுதான். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாள்கள் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே வருகின்றன. அந்தச் சில நாள்களிலும் 'மேளத்தைப் பென்டிரைவிலேயே போட்டுக்கொள்ளலாம்' என்று செலவைக் குறைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. அதே வீட்டார் மேடையில் குளிர் வாணம் கொளுத்துவதற்குச் செலவைப் பார்ப்பதில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

தாலி கட்டும் நேரத்தில் தவில் கலைஞரின் கண்கள் புரோகிதரின் கைவிரலை விட்டு அகலுவதில்லை. வலக்கை விரல்களில் மாவும் துணியும் சேர்த்து இறுகச் செய்த கூடுகள், இடக்கையில் குச்சி. நாதஸ்வரத்தில் ராகம் எந்த இடத்தில் நின்றாலும் சரி, புரோகிதரின் விரல் உயர்ந்த கணத்தில் கெட்டிமேளம் எழுந்தாக வேண்டும். கூட்டத்தில் யாரேனும் தும்மினாலும், அமங்கலமான சொல் ஒன்று எழுந்தாலும் அது மணமக்களின் காதில் விழாதபடி மறைப்பது அந்தக் கெட்டிமேளத்தின் வேலை. பதிவு செய்த ஒலிக்குப் புரோகிதரின் விரல் தெரியாது. செல்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து மேளம் ஒலிக்கச் செய்த ஒரு திருமணத்தில், மணமகனின் தங்கை மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இணையத்திலிருந்து ஏதோ ஒரு கடன் நிறுவனத்தின் விளம்பரம் கூடம் முழுவதும் முழங்கியது. மணமகளின் தந்தை அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே திகைத்து நின்ற காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

நேரடிக் கலைஞர்களை அமர்த்தும் வீடுகளிலும் அவர்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. மணவறைக்கு அருகில், புரோகிதரைப் பார்க்கக்கூடிய இடத்தில் மேளம் அமர வேண்டும் என்பது காரணத்தோடு ஏற்பட்ட ஏற்பாடு. இன்றோ அந்த இடத்தில் வீடியோ கேமராவின் கிரேன் நிற்கிறது. மேளம் தூணுக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. மெல்லிசைக் குழுவினரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கீபோர்டு, ரிதம் பேட், பாடகர்களின் மைக் ஆகியவற்றைச் சரிபார்க்க அவர்களுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பூ வேலை முடியவில்லை என்று சொல்லி அவர்களை மேடை ஏற விடாமல், விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்ல வைத்துவிடுகிறோம். முகூர்த்தம் முடிந்ததும் தாம்பூலத்தோடு மீதித் தொகையைக் கொடுத்து அனுப்ப வேண்டிய கலைஞர்களை, மொய்க் கணக்கு முடியட்டும் என்று பிற்பகல் வரை காக்க வைப்பதும் நடக்கிறது. அடுத்த ஊரில் மாலை வரவேற்புக்கு அவர்கள் போயாக வேண்டும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இடையே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரைப்பாடல் ஒலிபரப்ப உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று இசை உரிமை நிறுவனங்கள் கேட்கின்றன, என்ன செய்வது என்று சில பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவூட்டிப் பொது அறிவிப்பு வெளியிட்டது. பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

எங்கள் மண்டபத்தில் கடந்த தை மாதம் முதல், முன்பணம் வாங்கும்போதே இசைக்கென்று தனித் தாள் ஒன்றை நிரப்பி, பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். விருந்தினர் மேடையேறி வாழ்த்தும் நேரத்தில் பேச்சுக் குரலை அமுக்காத மெல்லிய வாத்திய இசை. ஆட்டப் பாட்டுகளுக்கென்று எட்டரை மணி முதல் ஒன்பதே முக்கால் வரை தனி நேரம். பத்து மணிக்குப் பெட்டிகளின் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற உறுதி. பேஸ் பெட்டிகள் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நிற்கக் கூடாது என்ற நிபந்தனை. மேளத்துக்கு மணவறையருகே இடமும், இரவு தங்கத் தாழ்ப்பாளுள்ள ஓர் அறையும், முதல் பந்தியிலேயே சாப்பாடும். தாளில் உள்ள டிஜேயின் எண்ணுக்கு நாங்களே முன்கூட்டிப் பேசி மண்டபத்தின் அளவைச் சொல்லிவிடுகிறோம். 'முன்பே தெரிந்தால் சின்னப் பெட்டிகளோடு வந்துவிடுவேன் சார், வண்டி வாடகையும் எனக்கு மிச்சம்' என்று அவர்களில் ஒருவர் சொன்னபோது, இத்தனை காலம் அவரிடம் யாருமே பேசவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. தொடக்கத்தில் முகம் சுளித்த சில வீட்டார், வயதானவர்கள் கடைசி வரை கூடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, அடுத்த திருமணத்துக்கும் அதே தாளைக் கேட்டு வாங்கினார்கள்.

எரிவாயு உருளைக்கும், ஜெனரேட்டர் டீசலுக்கும், துப்புரவுக்கும் வாடகைச் சீட்டில் இடம் ஒதுக்கியிருக்கும் பிற மண்டப உரிமையாளர்கள், வரும் ஆவணி முகூர்த்தங்களுக்கான முன்பதிவிலிருந்தாவது இசைக்கும் அதில் சில வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மாதிரித் தாள் வேண்டுவோருக்கு அனுப்பி உதவ அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மண்டப மேலாளர் ஒருவர்,
கும்பகோணம்.