‘நன்றி: இணையம்’ – யாருக்கு நன்றி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாக் கட்டுரை படித்தேன். எழுத்தில் குறை இல்லை; படம்தான் உறுத்தியது. கோபுரத்தில் கலசங்கள் இரட்டைப் படையில் நிற்கின்றன. கடைப் பலகையில் தமிழ் மாதிரி தெரிகிற, ஆனால் எந்த எழுத்தாகவும் இல்லாத நெளிவுகள். கணினி வரைந்தது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பங்குனியில் மாட வீதிகளில் கேமராவும் கையுமாக எத்தனை பேர் வெயிலில் நிற்கிறார்கள்! அவர்களில் சிலர் தங்கள் படங்களை விக்கிமீடியா பொதுவகம் என்கிற இணையப் படக் களஞ்சியத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டும் வைத்திருக்கிறார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழுக்குத் தெப்பக்குளம் பற்றி எழுதியபோது கூகுளில் அகப்பட்ட படத்தைச் சேர்த்து அனுப்பி, கீழே ‘நன்றி: இணையம்’ என்று போட்டேன். எடுத்தவன் திருவல்லிக்கேணிப் பையன். எப்படியோ என் எண்ணைப் பிடித்து, “காசு வேண்டாம் சார், பேரைப் போட்டிருக்கலாமே” என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம்தான் உரிமம் என்று ஒன்றை, அதாவது படத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று எடுத்தவர் தரும் அனுமதியை, படிக்கவே ஆரம்பித்தேன். 2004-இல் தொடங்கிய பொதுவகம், விற்பனைக்கு வரும் இதழும் பயன்படுத்தலாம் என்கிற படங்களை மட்டுமே ஏற்கிறது. பலவற்றுக்கு நாம் கொடுக்க வேண்டிய விலை எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மனிதர் எடுத்ததுதானா என்று சந்தேகம் வந்தால் பொதுவகத்தில் அந்தப் படத்துக்கென்று உள்ள பக்கத்தின் அடியில் பாருங்கள். கேமரா, தேதி விவரம் பெரும்பாலும் இருக்கும்.

பழைய படங்களில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்கிற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்தவை இருக்கின்றன. ஓவியர் ரவி வர்மா இறந்தது 1906-இல். நம் சட்டப்படி ஓவியர் காலமாகி 60 ஆண்டுகள் கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமோ, காப்புரிமை முடிந்த கலைப்பொருள்களின் படங்களை 2017 முதல் எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது.

ஒன்றில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும். காசிமேட்டு மீன்காரம்மா படத்தை எடுத்தவர் இலவசமாக விட்டிருக்கலாம். அதை மீன் விலைச் செய்திக்குப் போடுவது வேறு. குடியால் அழிந்த குடும்பம் என்கிற கட்டுரைக்கு மேல் போடுவது வேறு. உரிமம் படமெடுத்தவருடையது. முகம் அந்த அம்மாவுடையது. அவரை யார் கேட்டார்கள்?

அடுத்த பங்குனிக்கும் விழாக் கட்டுரை வரும்தானே? அந்தத் திருவல்லிக்கேணிப் பையன் இப்போதும் மாட வீதிக்கு வருகிறான். கேட்டால் தருவான். பெயரை மட்டும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மந்தைவெளி வாசகர், சென்னை